உங்களுக்குத் தெரியுமா? ஒரு லிட்டர் பால், ஒரு கிலோ அல்ல!

திண்டுக்கல்லில் காலையில் வாங்கும் அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டில் இருக்கும் பாலின் எடை 500 கிராம் அல்ல, சுமார் 515 கிராம். தண்ணீரைவிடப் பால் கனமானது. லிட்டருக்கு ஏறத்தாழ 1.03 கிலோ. மில்லியை 1.03-ஆல் பெருக்கினால் கிராம் வரும், கிராமை 1.03-ஆல் வகுத்தால் மில்லி வரும்.

✦ 200 மில்லி டம்ளர் நிறையப் பால் 206 கிராம். கேக் செய்முறையில் 250 கிராம் பால் என்று போட்டிருந்தால் 243 மில்லி போதும். காபிக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. பத்து லிட்டரில் பால்கோவா கிண்டுகிறவர் மட்டும் பார்த்தே ஆக வேண்டும். அங்கே வித்தியாசம் 300 கிராம்.

✦ ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி, படி 1.344 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் ஒரு படி பால் கிட்டத்தட்ட 1.38 கிலோ. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதால், பழைய செய்முறையைப் பின்பற்றும்முன் அந்த வீட்டுப் படியில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்வது நல்லது.

✦ பால் கனமாக இருப்பதற்குக் கொழுப்பு காரணமல்ல. கொழுப்பு தண்ணீரைவிட இலேசு. அதனால்தான் ஆடை மேலே மிதக்கிறது. கனம் தருபவை புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள். பால் சொசைட்டியில் ‘எஸ்.என்.எஃப்.’ என்று எழுதுவது இவற்றைத்தான். எருமைப்பாலில் கொழுப்பு அதிகமிருந்தும் அது பசும்பாலைவிட இலேசாகிவிடாததற்குக் காரணம், அதில் எஸ்.என்.எஃப்.பும் அதிகம்.

✦ டீக்கடைப் பாலில் மிதக்கும் லாக்டோமீட்டர் 30 காட்டினால் அடர்த்தி 1.030 என்று பொருள். ஒரு லிட்டருக்கு 100 மில்லி தண்ணீர் கலந்தால் 27-க்கு இறங்கிவிடும். ஆனால் இந்தக் கருவியை ஏமாற்ற முடியும், அதுதான் கவலைக்குரியது. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி 1.035 வரை ஏறும். பிறகு தண்ணீர் ஊற்றி மறுபடி 30-க்கு இறக்கிவிடலாம். லாக்டோமீட்டருக்கு அது நல்ல பால். குடிக்கிற குழந்தைக்கோ கொழுப்பும் குறைவு, சத்தும் குறைவு. கொழுப்பையும் தனியே அளந்தால்தான் இந்த இரட்டைக் கலப்படம் பிடிபடும்.

✦ அப்படி அளக்கும் கெர்பர் முறையில் பாலை நிறுப்பதே இல்லை. பிப்பெட்டில் 10.75 மில்லி எடுத்து, கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் சேர்த்துச் சுழற்றுவார்கள். அந்த 10.75 மில்லியின் எடை சுமார் 11.07 கிராம் என்ற கணக்குக்கு ஏற்பவே குழாயில் கோடுகள் போடப்பட்டிருக்கின்றன. அளந்து ஊற்றினாலும் விடை எடைச் சதவீதமாகவே கிடைக்கும். அழகான வடிவமைப்பு!

✦ கறந்த சூட்டோடு லாக்டோமீட்டரைப் போடக் கூடாது. காற்றுக் குமிழ்கள் அடங்கி, பால் ஆறிய பிறகே சரியான அளவு கிடைக்கும். சித்திரை வெயிலிலும் அளவு குறைத்தே காட்டும்; பாலின் வெப்பநிலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் தண்ணீர் கலந்ததாகச் சொல்லிவிட்டால் மாடு வளர்ப்பவருக்குப் பெரிய அநியாயம்.

✦ 2023 டிசம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 35 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக உயர்ந்தது. அது லிட்டருக்கான விலை. தராசு காட்டுவதோ கிலோ. 100 கிலோ பால் சுமார் 97 லிட்டர்தான். இரண்டையும் ஒன்றென்று எழுதினால் கணக்கில் 110 ரூபாய்க்கு மேல் பிசகும். வேடசந்தூர், நத்தம் பக்கத்தில் பால் ஊற்றுகிறவர்கள் தங்கள் அட்டையில் எழுதியிருப்பது லிட்டரா, கிலோவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

✦ ஒரு லிட்டர் நெய் சுமார் 910 கிராம்தான். ஐஸ்கிரீமில் காற்றும் சேர்ந்திருப்பதால் இன்னும் இலேசு: லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி.