வாய்க்கு 'கரன்ட்' வைத்தவரா நீங்கள்? பல் பிடுங்கும் முன் இதைப் படியுங்கள்!

கீழ்பென்னாத்தூரில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் வலி என்று வைத்துக்கொள்வோம். நாலு வருடத்துக்கு முன்பு வாய்ப் புற்றுநோய்க்கு 'கரன்ட்' வைத்துக் குணமானவர். "பல்தானே, பிடுங்கிப் போட்டால் சரியாகிவிடும்" என்று கிளம்புகிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

நாம் 'கரன்ட்' என்று சொல்லும் கதிர்வீச்சு, புற்றுநோய் செல்களை அழிக்கும்போது தாடை எலும்பின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த அந்த எலும்பிலிருந்து பல்லைப் பிடுங்கினால், புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். கீழ்த்தாடையில்தான் இது அதிகம். சிகிச்சை முடிந்து பல வருடங்கள் ஆனாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

ஆக்சிஜன் அறை என்ன செய்யும்?

இதைத் தடுக்கத் தரப்படுவதுதான் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை. கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்குப் பயன்படும் அதே அழுத்த அறைதான். காற்றழுத்தத்தை 2 முதல் 2.5 மடங்கு வரை கூட்டி, சுமார் 90 நிமிடங்கள் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். ரத்தத்தில் கூடுதலாகக் கரையும் ஆக்சிஜன், புதிய ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டும் என்பது நம்பிக்கை.

பலன் உண்டா?

1985-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர், பல் பிடுங்கும் முன் 20 முறையும் பின் 10 முறையும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு பாதிப்பு 5.4 சதவிகிதம்தான். பென்சிலின் மட்டும் பெற்றவர்களிடம் 29.9 சதவிகிதம்!

ஆனால், 2019-ல் வெளியான பிரிட்டனின் 'ஹோபான்' ஆய்வு வேறு கதை சொன்னது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4 சதவிகிதம், பெறாதவர்களில் 5.7 சதவிகிதம் பேருக்கு பாதிப்பு. அதாவது, பெரிய வித்தியாசம் இல்லை. இரு தரப்புக்குமே ஆன்டிபயாடிக்கும் கிருமிநாசினி மவுத்வாஷும் தரப்பட்டிருந்தன.

வாரம் ஐந்து நாள் என்றாலும் 30 முறைக்கு ஆறு வாரம் ஆகும். கீழ்பென்னாத்தூரிலிருந்து போகிறவர் பெருநகரத்தில் தங்க வேண்டிவரும். எனவே, "எனக்கு இது அவசியமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கவனம்!

* காது அடைப்பு, காது வலி அடிக்கடி வரும். பார்வை தற்காலிகமாக மங்கலாம். அரிதாக வலிப்பு வரலாம்.
* நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் அறைக்குள் போகவே கூடாது.
* அடைத்த பல்லுக்கு அடியில் காற்று இடைவெளி இருந்தால் பல் வலிக்கும்.
* ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் தீ வேகமாகப் பரவும். செல்போன், லைட்டர், எண்ணெய், க்ரீம் எதுவும் கூடாது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில், இப்படியொரு அறையில் பற்றிய தீயில் ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

கரன்ட் வைக்கும் முன்பே பல் மருத்துவரைப் பாருங்கள். காப்பாற்ற முடியாத பற்களை அப்போதே எடுத்து, புண் ஆற சுமார் இரண்டு வாரம் கொடுப்பது நல்லது. சிகிச்சைக்குப் பின் வாய் உலர்ந்து பல் சீக்கிரம் சொத்தையாகும். மருத்துவர் சொல்லும் ஃப்ளோரைடு பேஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். புகையிலையைத் தொடவே வேண்டாம். பிறகு பல் வலித்தால், பிடுங்காமல் ரூட் கெனால் செய்து காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

முக்கியமாக, பல் மருத்துவரிடம் பல்லைக் காட்டும் முன் பழைய சிகிச்சை ஃபைலைக் காட்டுங்கள். அந்த ஒரு நிமிடம் உங்கள் தாடையைக் காப்பாற்றும்!