வேகமா? ஆள் பலமா? – டெஸ்க்டாப் பிராசசரும் சர்வர் பிராசசரும்



இப்போ சில கம்ப்யூட்டர் கடைகளில் "சர்வர் பிராசசர், 14 கோர், 28 த்ரெட், விலை ரொம்ப கம்மி" என்று சொல்லி விற்கிறார்கள். சர்வர் என்பது பெரிய கம்பெனிகளிலும் பேங்கிலும் ராத்திரி பகலாக ஓடுகிற கம்ப்யூட்டர். அப்படிப்பட்ட பிராசசர் நம்ம வீட்டுக்கு வந்தால் கேம் எல்லாம் பறக்கும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் அப்படி நடக்காது. ஏன் நடக்காது, அது எந்த வேலைக்கு நல்லது என்று பார்ப்போம்.

1. பிராசசருக்குள் என்ன இருக்கிறது?

பிராசசரை கம்ப்யூட்டரின் மூளை என்பார்கள். உண்மையில் அது ஓயாமல் கணக்குப் போடுகிற ஒரு சிப். 1971-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 4004 என்ற சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதில் கணக்குப் போட ஒரே ஒரு ஆள்தான். இப்போது ஒரே சிப்புக்குள் பல ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஒவ்வொரு ஆளுக்கும் 'கோர்' என்று பெயர்.

அம்மா அடுப்பில் சோறு வேகும் நேரத்தில் காய் நறுக்குவது போல, ஒரு கோர் இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிக் கவனிக்கும். அந்த ஒவ்வொரு வேலை வரிசையும் ஒரு 'த்ரெட்'. ஆனால் 28 த்ரெட் என்றால் 28 ஆள் இல்லை. 14 ஆள்தான்.

'கிகாஹெர்ட்ஸ்' என்பது துடிப்பு. 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 100 கோடி துடிப்பு.

2. இரண்டு வகை

வீட்டு கம்ப்யூட்டரில் இன்டெல் கோர், ஏ.எம்.டி. ரைசன் என்ற வகைகள் இருக்கும். சர்வருக்கு இன்டெல் ஜியான் (1998 முதல்), ஏ.எம்.டி. எபிக் (2017 முதல்) என்ற வகைகள். கடையில் விற்கிற பழைய சர்வர் பிராசசர் ஒன்றையும், சாதாரண வீட்டு பிராசசர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

* ஜியான் இ5-2680 வி4 (2016): 14 கோர், 28 த்ரெட். துடிப்பு 2.4, அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். மின்சக்தி 120 வாட்.
* கோர் ஐ3-12100எஃப் (2022): 4 கோர், 8 த்ரெட். துடிப்பு 3.3, அதிகபட்சம் 4.3 கிகாஹெர்ட்ஸ். மின்சக்தி 58 வாட்.

14-க்கு முன்னால் 4 ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் நிறைய கேம்களில் அந்த 4 கோர்தான் ஜெயிக்கிறது. துடிப்பு அதிகம் என்பது ஒரு காரணம். ஆறு வருஷம் கழித்து வந்ததால் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலையை முடிக்கிறது என்பது இன்னொரு காரணம். முக்கியமான மூன்றாவது காரணத்தை நம்ம வாசல் கோலத்தை வைத்தே சொல்லலாம்.

3. கோலக் கணக்கு

மார்கழியில் பெரிய கோலம் போடுகிறோம். கலர் பொடி தூவ பத்துப் பேர் உட்கார்ந்தால் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். ஒருத்தி மயிலுக்கு, இன்னொருத்தி தாமரைக்கு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் சிக்குக் கோலம்? ஒரே கம்பி, கை எடுக்காமல் புள்ளிகளைச் சுற்றி வரணும். இந்த வளைவு முடிந்தால்தான் அடுத்த வளைவு. அங்கே பத்துப் பேர் நின்றால் ஒன்பது பேர் வேடிக்கைதான் பார்க்கணும். கை வேகமான ஒருத்தி போதும்.

கம்ப்யூட்டர் வேலைகளும் இப்படித்தான். சில வேலைகள் கலர் தூவுவது மாதிரி, சில வேலைகள் சிக்குக் கோலம் மாதிரி. முக்கால்வாசி வேலைகள் இரண்டும் கலந்தவை. பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை என்று 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் வல்லுநர் எடுத்துக் காட்டினார். இதற்கு ஆம்டால் விதி என்று பெயர்.

4. கேம் ஏன் சிக்குக் கோலம்?

கேம் ஓடும்போது திரையில் விநாடிக்கு 60 படம் வரணும் என்று வைத்துக் கொள்வோம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 1000-ஐ 60-ஆல் வகுத்தால் வரும். சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் நீங்கள் எந்த பட்டனை அமுக்கினீர்கள், வீரன் எங்கே நகர்ந்தான், சுவரில் மோதினானா, எதிரி என்ன செய்வான் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குப் போடணும். ஒன்று தாமதமானால் படம் தடங்கும். இதற்கு வேகமான சில கோர்கள்தான் வேண்டும்.

படத்துக்கு வண்ணம் தீட்டும் வேலை கலர் பொடி வேலை. அதை கிராபிக்ஸ் கார்டு பார்த்துக்கொள்ளும். 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ் 3050 என்ற கார்டில் மட்டும் 2,560 சின்னச் சின்ன கோர்கள்! அதனால் கேமுக்கு பிராசசரில் கூட்டம் தேவையில்லை. கூட்டம் ஏற்கெனவே கார்டில் இருக்கிறது.

இன்னொரு ஆச்சரியம். ஏ.எம்.டி.யின் ரைசன் 7 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டுக்கும் 8 கோர்தான். முதலாவதன் அதிகபட்ச துடிப்பு 4.7, இரண்டாவதற்கு 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனாலும் பல கேம்களில் 2022-ல் வந்த இரண்டாவதுதான் முந்துகிறது. அதில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் 'கேஷ்' என்ற நினைவகம் 32-க்குப் பதில் 96 மெகாபைட். லைப்ரரிக்கு ஓடி ஓடி புத்தகம் எடுப்பதற்கும், மேஜை மேலேயே புத்தகம் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. அதனால் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது.

5. அப்போ சர்வர் பிராசசர் எதற்கு?

பல ஆயிரம் பேர் கேட்பதற்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லணும் என்றால் கூட்டம்தான் வேண்டும். 2022-ல் வந்த எபிக் 9654-ல் 96 கோர், 192 த்ரெட். மின்சக்தி 360 வாட். மேலோட்டமாக வகுத்தால் ஒரு கோருக்கு 4 வாட் கூட இல்லை. நம்ம ஐ3-யில் ஒரு கோருக்கு 14 வாட்டுக்கு மேல். துடிப்பைக் கூட்டினால் சூடு கூடும். 96 பேரையும் ஓடவிட்டால் சிப் தாங்காது. அதனால் எல்லாரையும் நடக்க வைக்கிறார்கள். அதன் அடிப்படை துடிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். மெமரியிலிருந்து தகவல் வர வீட்டு பிராசசரில் 2 பாதை இருக்கும். இதில் 12 பாதை.

இந்த 'நடக்கும் கூட்டம்' நம்ம உயிரையே காப்பாற்றும் வேலை செய்கிறது. வானிலை கணிக்கிறவர்கள் பூமியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம் எல்லாம் கணக்குப் போடுவார்கள். கட்டங்களைக் கோர்களுக்குப் பங்கு போட்டுத் தரலாம். 2018-ல் புனே நகரில் அமைத்த 'பிரத்யுஷ்' சூப்பர் கம்ப்யூட்டரில் இருந்தவை 18 கோர் ஜியான் பிராசசர்கள். துடிப்பு வெறும் 2.1 கிகாஹெர்ட்ஸ்! நம்ம ஐ3-யை விடக் குறைவு. ஆனால் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல் கோர்கள்.

2024 செப்டம்பரில் அங்கே 'அர்கா' வந்தது. அதில் 48 கோர் எபிக் பிராசசர்கள். 2025 மே மாதம் முதல் 12 கிலோமீட்டர் கட்டத்துக்குப் பதில் 6 கிலோமீட்டர் கட்டத்தில் கணிக்கிறார்கள். ஒரு 12 × 12 கட்டத்துக்குள் எத்தனை 6 × 6 கட்டம்? நான்கு. வேலை பல மடங்கு ஆனாலும் மழை எந்த ஊர்ப் பக்கம் என்று இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். புயல் வருகிற கடற்கரை ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

(கட்டம் கட்டிய செய்தி) 4096 ஓட்டு எங்கிருந்து வந்தது?

2003-ல் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு வரவே முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்திருந்தது. திரும்ப எண்ணினால் சரியாக 4096 ஓட்டு அதிகம். 4096 என்பது 2-இன் அடுக்கு 12. கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஒரே ஒரு 0 தானாக 1 ஆக மாறினால் இப்படித்தான் கூடும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டிருக்கலாம் என்று சொன்னார்கள். சர்வர்களில் இதற்காகவே 'இ.சி.சி' மெமரி போடுவார்கள். 64 பிட் தகவலோடு 8 பிட் காவலுக்குப் போகும். ஒரு பிட் மாறினால் அதுவே திருத்திவிடும். கேமில் ஒரு பிட் மாறினால் ஒரு புள்ளி நிறம் மாறலாம். பேங்கில் மாறினால்?

6. எங்க வீட்டுக் கணக்கு

எங்க பெரியம்மா மகன் அண்ணன் ஒரு போட்டோகிராபரிடம் உதவியாளராக இருக்கிறான். கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ண கம்ப்யூட்டர் வேண்டும், கொஞ்சம் கேமும் ஆடணும். பணம் பெரியம்மா சீட்டு கட்டிச் சேர்த்தது. ஒரு தடவை போனால் திரும்ப வராது. கடையில் மேலே சொன்ன ஜியானைக் காட்டினார்கள். நானும் அண்ணனும் நோட்டில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினோம்.

ஜியான் பக்கம்: விலை கம்மி, கோர் அதிகம். ஆனால் அதில் கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு வாங்கணும். பழைய சாமான், வாரன்டி இல்லை. மதர்போர்டு கெட்டால் நம்ம பக்கம் கிடைப்பது கஷ்டம்.

கோர் ஐ5-12400 பக்கம்: 6 கோர், 12 த்ரெட், அதிகபட்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கத் தனிப் பகுதியும் அதிலேயே இருக்கிறது. விலைதான் கூட.

"கண்ணு, ரெண்டு மாசம் பொறுத்துக்கலாம், வாரன்டி இருக்கிறதையே வாங்கு" என்று பெரியம்மா சொல்லிவிட்டார்கள். அப்படியே வாங்கினோம். அண்ணன் நாள் முழுக்க முப்பரிமாணப் படம் செய்கிறவனாக இருந்தால் ஜியானே லாபமாக இருந்திருக்கும். வேலையைப் பொறுத்துத்தான் பிராசசர்.

7. வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* என் வேலை கலர் பொடியா, சிக்குக் கோலமா?
* கோர் எத்தனை, த்ரெட் எத்தனை? இரண்டையும் குழப்பக் கூடாது.
* எந்த வருஷத்து பிராசசர்?
* கிராபிக்ஸ் உள்ளே இருக்கிறதா?
* வாரன்டி உண்டா? எத்தனை வருஷம்?

கடையில் பெரிய எண்ணைச் சொன்னால் மயங்கிவிடாமல், "அண்ணே, இது எந்த வேலைக்கு?" என்று கேளுங்கள் நண்பர்களே.

யோசிக்க ஒரு கணக்கு: ஒரு வேலைக்கு ஒரே ஆளுக்கு 10 மணி நேரம் ஆகும். அதில் 1 மணி நேர வேலையைப் பிரிக்க முடியாது. மீதி 9 மணி நேர வேலையைப் பிரிக்கலாம். 9 பேர் சேர்ந்தால் எவ்வளவு நேரம்? 90 பேர் சேர்ந்தால்? எத்தனை பேர் வந்தால் 1 மணி நேரத்துக்குள் முடியும்? விடை அடுத்த இதழில்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி