நகரும் திருநாள், நகராத திருநாள்

தஞ்சை மாவட்டத்தின் கடற்கரை ஊர் அதிராம்பட்டினம். ஒருபுறம் கடலும் உப்பளமும்; மறுபுறம் நெல்வயல்கள். பள்ளிவாசல்கள் பல உள்ள ஊர் இது. இங்குள்ள அபய வரதீஸ்வரர் கோயில் திருவாதிரை நட்சத்திரத்திற்கு உரிய தலமாகப் போற்றப்படுகிறது. இப்பகுதியில் ஆண்டின் இறுதி என்றாலே விழாக்காலம்தான். ஆனால் எந்த விழா எந்த நாளில் வரும்? கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் 25 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நாகூர் கந்தூரிக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நாட்காட்டியைப் புரட்டத்தான் வேண்டும். ஏன்?

முதலில் கந்தூரியை எடுத்துக்கொள்வோம். நாகூரில் கொடியேற்றம் 2023இல் டிசம்பர் 14 அன்று நடந்தது. 2024இல் டிசம்பர் 2. 2025இல் நவம்பர் 21. இடைப்பட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு முறையும் 354 நாட்கள் வரும். பிறைக்குப் பிறை சுமார் 29½ நாட்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 354. இஸ்லாமிய ஆண்டு நிலவை மட்டுமே கொண்டு கணக்கிடப்படுகிறது. அதனால் அந்த விழாக்கள் ஆண்டுதோறும் 11 நாட்கள் அளவில் முன்னால் வருகின்றன. ரமலான் நோன்பு ஒரு காலத்தில் கோடை வெயிலிலும் வேறொரு காலத்தில் மார்கழிப் பனியிலும் வருவதற்கு இதுவே காரணம்.

கிறிஸ்துமஸும் பொங்கலும் சூரியக் கணக்கைச் சேர்ந்தவை. பூமி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 365¼ நாட்கள் ஆகின்றன. ஆகவே இவை பருவம் மாறுவதில்லை. சம்பா நெல் அறுவடையை ஒட்டியே பொங்கல் வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

மார்கழித் திருவாதிரையோ இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது. மார்கழி சூரிய மாதம். ஆனால் விழா நாளில் முழுநிலவை ஒட்டிய சந்திரன் திருவாதிரை நட்சத்திரத்தில் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டில் இவ்விழா ஜனவரி 6, டிசம்பர் 27 என இருமுறை வந்தது. 2024இல் ஒருமுறைகூட வரவில்லை! அடுத்தது 2025 ஜனவரி 13இல்தான். இதில் பிழை ஏதுமில்லை. 11 நாட்கள் முன்னால் நகர்ந்தால் விழா மார்கழியைவிட்டே வெளியேறிவிடும். எனவே அடுத்த முழுநிலவுக்குத் தள்ளிப்போகிறது. அப்போது இடைவெளி 383 நாட்கள், அதாவது பதின்மூன்று நிலவு மாதங்கள்.

இவற்றில் எது சரியான நாட்காட்டி என்று கேட்கிறீர்களா? பயிர் செய்பவருக்குப் பருவம் தெரியவேண்டும்; அதைச் சூரியன் சொல்லும். கடலுக்குப் போகிறவருக்கு ஓதம் எப்போது உயரும் என்று தெரியவேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது கூடுவதால் அதை நிலவு சொல்லும். வயலும் கடலும் உள்ள ஊருக்கு இரண்டுமே தேவை. பக்கத்து வீட்டாரின் திருநாள் ஏன் ‘இடம் மாறுகிறது’ என்று யாராவது கேலி பேசினால், இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லுங்கள். எல்லாரும் பார்ப்பது ஒரே சூரியனையும் ஒரே சந்திரனையும்தான்.

33 சூரிய ஆண்டுகள் ஏறத்தாழ 34 நிலவு ஆண்டுகளுக்குச் சமம். அதனால்தான் 2000ஆம் ஆண்டில் நோன்புப் பெருநாள் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை வந்தது. 2033இலும் அப்படியே வரவிருக்கிறது. இரண்டாவது பெருநாள் கிறிஸ்துமஸை ஒட்டி அமையும்.

நீங்களே செய்து பாருங்கள்:

1. மார்கழிப் பௌர்ணமியன்று அந்தி சாய்ந்ததும் கிழக்கே பாருங்கள். நிலவு இருக்கும் திசையிலேயே சற்றுச் சிவந்து மின்னும் திருவாதிரையைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

2. நாகூரில் கந்தூரிக் கொடி மறுபடியும் டிசம்பர் நடுவில் ஏறும்போது ஏறத்தாழ எந்த ஆண்டாக இருக்கும்? அப்போது உங்கள் வயது என்ன?