சோம்பல் அல்ல, சிக்கிள் செல்

நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல் (சிக்கிள் செல்) இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. ஆனாலும் கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பணியர் பழங்குடிப் பெண் இரண்டு நாள் கொழுந்து பறிக்க வரவில்லை என்றால், "உடம்பு வணங்கலை" என்று சொல்லிவிடுவது சுலபமாக இருக்கிறது. இது அநியாயம்.

ஆக்சிஜன் குறையும்போது இந்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, விறைத்து, சிறு ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. எலும்புக்குள் குடைகிற வலி அதனால்தான். அதைக் கிளப்பிவிடும் பலவும் தோட்ட வேலையில் இருக்கின்றன: காலைக் குளிர், மழையில் நனைந்தபடி நிற்பது, மூச்சுவாங்க மேடேறிச் சுமப்பது. இவற்றோடு தண்ணீர்க் குறைவும் சேரும். ஒதுங்க இடமில்லாத காட்டில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இந்த நோய்க்கு அது பெரும் கெடுதல். ஒரு பாட்டில் தண்ணீர், பக்கத்தில் ஒரு கழிப்பறை, மழை நாளில் கூரைக்குக் கீழே ஒரு வேலை. கேட்பது இவ்வளவுதான்.

கேட்கச் சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சிக்கிள் செல், தலசீமியா, ஹீமோபிலியா மூன்றையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்தது. அரசு வேலையில் இதைக் காட்டிப் பாகுபாடு கூடாது. உடம்புக்கேற்ற வசதியும் செய்து தர வேண்டும். தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டாக வேண்டும். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். முதலாளியிடம் கேட்பதையும் எழுத்திலேயே கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடைக்காது.

அரசு மருத்துவமனையில் சான்று பெற்று, மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். ஆனால், அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ரத்த நோய்கள் தனிப் பிரிவாக இல்லை. இந்தக் குறையை அரசு சரிசெய்ய வேண்டும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள இடத்தில் சம்பள வரம்பு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. நோய் விடுப்புக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நோயைக் கடத்தும் மரபணு ஒன்று மட்டும் உள்ளவர் பொதுவாக நோயாளி அல்ல. அவருக்கு வேலை மறுக்கக் காரணமே இல்லை. நோய் உள்ளவர்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஹைட்ராக்ஸியூரியா மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல் இவற்றில் எது வந்தாலும் கொழுந்து எடை போடும் நேரம்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.