சொல் அடைக்கும்போது வண்ணம்

கோர விபத்திலிருந்து தப்பியவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுவதுண்டு. மறைக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1996இல் உளமருத்துவர்கள் ஸ்காட் ரௌச், பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் உளக்காயம்பட்ட 8 பேரிடம் அவரவர் அனுபவத்தையே ஒலிப்பதிவாகக் கேட்கச் செய்து மூளையைப் படம்பிடித்தார்கள். பேச்சுக்கான புரோக்கா பகுதியின் இயக்கம் குறைந்தது. பார்வைப் பகுதி விழித்துக்கொண்டது. சம்பவம் கண்முன் ஓடுகிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

அரூப ஓவியம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். நடந்ததை அப்படியே வரைய வேண்டியதில்லை; வீடு, ஆள், முகம் எதுவும் தேவையில்லை. தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கரிக்கோடு ஒன்று இழுக்கலாம். மேலே சிவப்பைப் பூசி, ஈரத் தூரிகையால் அதைக் கரைத்து வெளிற வைக்கலாம். எவ்வளவு காட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் வரைபவரின் முடிவு. எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்று தவிப்பவருக்கு அது பெரிய விஷயம்.

“எனக்கு வரையத் தெரியாதே” என்று தயங்க வேண்டாம். டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், மார்க்கர், ஒட்டுப்படம் என்று விருப்பம்போல் செய்தார்கள். முன்னும் பின்னும் எச்சிலைச் சோதித்ததில், சுமார் 75 விழுக்காட்டினருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் குறைந்திருந்தது. முன்பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடே தெரியவில்லை. ஆனால் அவர்கள் நலமாக இருந்தவர்கள். உளக்காயம் ஆறிவிடும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டக் கூடாது.

போர் நடந்துகொண்டிருந்த இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் போர் பாதித்த பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து வண்ணம் தீட்டினார்கள், மண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். பிள்ளைகளை அப்படிச் சேர்த்து உட்காரவைத்ததே பாதி மருந்து என்பேன்.

மீதிப் பாதிக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்றவர் வேண்டும். தூரிகை திறந்துவிடும் நினைவு சிலரைக் குலைத்துவிடக்கூடும். தூக்கம் கெட்டு, கனவு துரத்தினால் மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கலையும் மருத்துவமும் தள்ளித் தள்ளி நிற்பதற்கு இங்கேயே ஓர் எடுத்துக்காட்டு: பினாங்கின் கெலுகோரில், ஒருகாலத்தில் பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்த மிண்டனில், 1971 முதல் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைப்பள்ளி இருக்கிறது, துவாங்கு ஃபௌசியா அருங்காட்சியகமும் கலைக்கூடமும் இருக்கின்றன. அதன் மருத்துவப் பள்ளியோ தீபகற்பத்தின் மறுகரையில், கிளந்தானின் குபாங் கெரியானில். உளக்காயத்துக்கு ஓவியத்தைத் துணைக்கு அழைக்க இந்த இரண்டு பள்ளிகளின் அறிவும் ஒரே அறையில் சேர வேண்டும்.