பெயர் தெரியாத ஸ்பீக்கரை வாங்குமுன்

பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. "ஜேபிஎல் யூனிட் சார், ஒரிஜினல்" என்ற ஒரு வார்த்தையிலேயே விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. ஆனால் பெட்டியின் முகப்பில் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் யூனிட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். இத்தனை வருடத்தில் எப்போதோ வாய்ஸ் காயில் எரிந்திருக்கும், கைக்குக் கிடைத்த வேறொன்றை யாராவது மாட்டியிருப்பார்கள். மாட்டியதில் குற்றமில்லை. அதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

ஆகவே யூனிட்டைக் கழற்றிப் பின்பக்கம் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பழைய அமெரிக்க யூனிட்டுகள் பலவற்றில் ஃப்ரேமிலோ காந்தத்தின் மூடியிலோ ஓர் எண் பதிந்திருக்கும். அதன் முதல் பகுதி தயாரிப்பாளரைக் குறிக்கும்: 220 ஜென்சன், 137 சிடிஎஸ், 328 யூட்டா. அடுத்தது ஆண்டு, கடைசி இரண்டு இலக்கங்கள் வாரம். 220632 என்றிருந்தால் ஜென்சன் தயாரிப்பு, 32ஆவது வாரம். ஆண்டுக்கு ஓரிலக்கம்தான் என்பதால் அது 1956ஆகவும் இருக்கலாம், 1966ஆகவும் இருக்கலாம்.

எண்ணே இல்லையென்றால் மல்டிமீட்டர் துணைக்கு வரும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறத்தாழ 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3, 3.5 என்று வரும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. 4 ஓம் யூனிட்டை 8 ஓம் என்று நம்பி மாட்டினால், அதற்கு ஈடுகொடுக்க முடியாத ஆம்பிளிஃபயர் சூடேறிக் கெட்டுப்போகும். கோனின் இருபுறமும் விரல்களை வைத்துச் சீராக, மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் தேய்கிறது. விளிம்பு ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். வயதானால் எல்லா ஃபோமும் அப்படித்தான். விளிம்பை மட்டும் மாற்றினால் போதும். அதைச் சாக்கிட்டு "கோனையே மாற்றிவிடலாம்" என்பவரிடம் சம்மதிக்காதீர்கள். கோன் போனால் அந்த ஸ்பீக்கரின் பழைய குரலும் போய்விடும்.

உயிருக்கே ஆபத்தான இடமும் உண்டு. 1930களின் வால்வு ரேடியோக்கள் பலவற்றின் ஸ்பீக்கரில் நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தம்தான் இருக்கும். அந்த மின்காந்தச் சுருளில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். 1957இல் வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் பல ஆயிரம் வோல்ட். சுவிட்சை அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். இவற்றைப் பழகிய மெக்கானிக் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன் யூனிட்டை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். என்ன மாற்றப்போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய கோனையும் காயிலையும் திருப்பிக் கேளுங்கள்.

பிராண்டு, வருடம், ஓம், மாற்றிய பாகங்கள் எல்லாம் பில்லில் வர வேண்டும். பில் தர மறுப்பதும், புதுப்பித்த பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடைக்காரர் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மறுவிற்பனைக்காக வாங்கியவருக்கு இந்த வழி கிடையாது.

கடை எதுவும் இல்லாத தனிநபர் தன் வீட்டு ஸ்பீக்கரை விற்றிருந்தால் ஆணையத்தில் வழக்கு நிற்பது கடினம். ஆனால் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்வது அவரையும் கட்டுப்படுத்தும். அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும். அங்கே நிரூபிக்கக் கையில் ஆதாரம் வேண்டும் என்பதால், அவர் போட்ட விளம்பரத்தையும் வாட்ஸ்அப்பில் பேசியதையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.