திண்ணைத் தொட்டியில் டெல்லி கனகாம்பரம்

மணமில்லாவிட்டாலும் பெண்கள் விரும்பிச் சூடும் மலர் கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகமாகும். மேலை நாடுகளில் இதனைச் சன்னலோரத் தொட்டிகளில் அழகுச் செடியாக வளர்க்கின்றனர். நாம் வயலில் பயிரிட்டுச் சரம் தொடுக்கிறோம். ஆயினும் தொட்டி வளர்ப்பு நமக்கும் பெரிதும் பயன்படும். வீட்டிற்குப் பூ கிடைப்பதுடன், வயலுக்கு வேண்டிய நோயற்ற நாற்றும் கிடைக்கும்.

ஏன் தொட்டி?

டெல்லி கனகாம்பரம் விதை பிடிப்பதில்லை. தண்டுக் குச்சிகள் மூலமே பெருக்க வேண்டும். பூத்துக் குலுங்கும் செடிகள் திடீரென வாடி மடிவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அச்செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர்கள் கறுத்து அழுகியோ முடிச்சு விழுந்தோ இருக்கும். நூற்புழு வேரைத் துளைக்க, அப்புண் வழியே வாடல் பூசணம் நுழைகிறது. நூற்புழு மண்ணோடும் வேரோடும் பரவும். ஆகவே பழைய வயலிலிருந்து வேருடன் செடி கொண்டு வருவது நோயை விலைக்கு வாங்குவதாகும்.

மண் தயாரித்தல்

செஞ்சியின் கோடை வெயில் இதற்குக் கை கொடுக்கும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து, அரை அடி கனத்திற்குப் பரப்பி நன்கு நனைக்கவும். நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து, சித்திரை, வைகாசி வெயிலில் 4 முதல் 6 வாரம் விடவும். உள்ளே ஏறும் வெப்பத்தால் நூற்புழு பெருமளவு அழியும். பின்னர் ஓர் அடி அகலத் தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டுச் சில்லு வைத்து இம்மண்ணை நிரப்பவும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் சேர்க்கவும்.

நடவும் பராமரிப்பும்

நலமான செடியின் நுனியில் 10 முதல் 15 செ.மீ. நீளக் குச்சிகளை நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளி விட்டு, ஈர மணலில் நிழலில் ஊன்றவும். மூன்று, நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். பின் தொட்டிக்கு மாற்றலாம்.

காலை வெயில் படும் கிழக்குத் திண்ணை ஏற்ற இடம். பாறைக் குன்றுகள் சூழ்ந்த செஞ்சியில் கோடை மாலை வெயில் கடுமையாதலால் மேற்குச் சுவரோரம் வைக்க வேண்டாம். விரலால் தொட்டு, மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். அப்போது தாழ்வாரத்திற்குள் நகர்த்தவும்.

இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் இரும்புச் சத்துக் குறைவாகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் தெளிக்கவும். மலர்ந்த பூக்களை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்து, பூத்து முடிந்த கதிர்களை நறுக்கினால் புதுக் கதிர்கள் வரும்.

வயலுக்கு மாற்றும்போது

தொட்டிச் செடிகளின் நுனிக் குச்சிகளைச் சிறிது சிறிதாக வேர்விடச் செய்து நாற்று சேர்க்கலாம். கனகாம்பரம் வாடிப்போன நிலத்தில் உடனே மீண்டும் நட வேண்டாம். முதலில் செண்டுமல்லி பயிரிட்டால் நூற்புழு குறையும். ஐந்தாறு தொட்டிகளில் இன்று நல்ல தாய்ச்செடிகளை வளர்த்து, நாளை வயல் நட்டத்தைத் தவிர்த்து, உழவர் பெருமக்கள் பயன் பெறலாம்.